வெளியில் சாப்பிடுவது குறித்து என் ஆட்சேபங்கள்

பிப்ரவரி 2, ஞாயிறு

கல்லூரியில் வேதியியல் நடத்திய காலத்தில், வகுப்புக்குள் நுழைந்ததும் அன்று சொல்லப்போவதை எண் போட்டுக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். எழுதி வைக்காவிட்டால் எனக்கு நாக்கு குழறும். அதே முறையில் இங்கே எழுதிக்கொள்கிறேன்.

1. தினமும் வெளியில் சாப்பிடுவது இந்த வயதில் உடம்புக்கு ஆகாது.
2. இந்தத் தீவின் உணவகக்காரர்களுக்கு வயதானவர்களிடம் மரியாதை கிடையாது.
3. கேட்ட சாப்பாடு வருவதற்குள் பசி வந்து, முற்றி, செத்துவிடுகிறது.
4. மருமகன் என்னைக் கேட்காமலே எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்.
5. ஆவுடை அளவாகச் சாப்பிடுகிறவள். இந்த ஊர்சுற்றலில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. மற்றவர்களுக்காக வருகிறாள்.
6. ஆகவே, 27-ஆம் தேதி நாங்கள் இருவரும் ஊர் திரும்பும்வரை இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்வது.

ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் சேர்த்துக்கொண்டு மகள் செண்பகாவிடம் நிதானமாகச் சொல்வதாக இருக்கிறேன். ஆதாரம் இல்லாமல் போனால் "அப்பா, சும்மா இருங்க" என்பாள். நானும் சும்மா இருந்துவிடுவேன்.

நானும் என் மனைவி ஆவுடையும் பாளையங்கோட்டையிலிருந்து கிரெனடாவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கரீபியன் கடலில் சின்னத் தீவு. செண்பகாவும் மருமகன் முகுந்தனும் இங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள். வந்த மறுநாளே செண்பகா ஒரு சட்டம் போட்டாள். "அம்மா அங்கன காலமெல்லாம் அடுப்படியிலேயே நின்னாச்சு. இங்கயும் நிக்கக் கூடாது. மத்தியானம் நான் ஏதாவது செய்யுதேன். ராத்திரிக்கு வெளிய."

என்னை யாரும் கேட்கவில்லை. ஆவுடையையும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

குறிப்பு 2-க்கு இன்றே ஆதாரம் கிடைத்துவிட்டது.

முகுந்தன் எங்களைப் புதிதாக ஒரு கடைக்கு அழைத்துப் போனார். கடலைப் பார்த்துத் தகரக் கூரை போட்ட வராந்தா. ஆறேழு மேஜை, ஒன்றும் ஒன்றைப் போல் இல்லை. நடத்துகிறவர் மிஸ் மெர்ல் என்ற பெண்மணி. அறுபது வயது இருக்கலாம். நல்ல உயரம், தலையில் மஞ்சள் துணிக் கட்டு. பெயருக்கு முன்னால் மிஸ் போட்டுத்தான் கூப்பிட வேண்டுமாம்.

உட்கார்ந்ததும் எனக்குத் தாகம். கல்லாப் பக்கம் போய், "கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?" என்று ஆங்கிலத்தில் பணிவாகத்தான் கேட்டேன். அந்த அம்மாள் கண்ணாடித் தம்ளரைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். தம்ளரை வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, "குட் நைட், சார்" என்றார்.

வெளியே போ என்கிறார் என்று நினைத்தேன். வந்து உட்கார்ந்துவிட்டேன்.

முகுந்தன் சிரித்தார். "மாமா, இங்க உள்ள வந்ததும் முதல்ல வணக்கம் சொல்லணும். பகல்னா குட் மார்னிங், இருட்டிட்டா குட் நைட். அதைச் சொல்லாம எது கேட்டாலும் ரொம்ப மட்டமா நினைப்பாங்க. உங்களுக்கு ஞாபகப்படுத்துறாங்க, அவ்வளவுதான்."

"தண்ணீர் கேட்பதற்கு முகமன் எதற்கு?"

"ஆவுடை அத்தை வாசல்லயே சொல்லிட்டாங்களே."

உண்மைதான். அவள் படி ஏறும்போதே கும்பிட்டபடி "குட் நைட்" என்றாள். பத்தாம் வகுப்போடு நின்றுபோன ஆங்கிலம். கிளம்பும்போது சொல்ல வேண்டியதை வரும்போது சொல்கிறாளே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்குத் தண்ணீர் மட்டுமல்ல, எலுமிச்சைச் சாறும் வந்தது.

சாப்பாடு வர ஒரு யுகம் ஆனது (குறிப்பு 3). முகுந்தன் எனக்கு "காரம் போடாத மீன்" என்று சொல்லிவிட்டார் (குறிப்பு 4). நான் காரம் சாப்பிடுவேன். சொல்லவில்லை.

ஆவுடை வழக்கப்படி நான் முடிக்கும்வரை தட்டைத் தொடவில்லை. மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் அப்படித்தான், யாரும் விதித்ததல்ல. நான் கை கழுவி வருவதற்குள் அவளுடைய மீன் ஆறிப்போயிருந்தது. மெர்ல் இரண்டு தடவை வந்து, "மீனில் ஏதாவது குறையா?" என்று கேட்டார். ஆவுடை "குட், குட்" என்று தலையாட்டினாள். பிறகு காரில் ஏறும் அவசரத்தில் பாதியை விட்டுவிட்டாள். குறிப்பு 5-க்கு இது நல்ல ஆதாரம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வயிறு சரியில்லை. குறிப்பு 1-இல் சேர்க்கலாம். நேர்மையாகச் சொன்னால், நேற்று மத்தியானம் வீட்டில் ஜாதிக்காய் ஐஸ்கிரீம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். சேர்ப்பதா வேண்டாமா என்று நாளைக்கு முடிவு செய்யலாம்.

பிப்ரவரி 5, புதன்

சேர்த்துவிட்டேன்.

துணி காயப்போட்டேன். இங்கே வெயில் உண்டு, ஆனால் நினைத்தாற்போல் மழை வரும். கொடியையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். என் மாத்திரைகளை வாரத்துக்கு வேண்டியபடி டப்பாவில் பிரித்து வைத்தேன். ஆவுடை செண்பகாவோடு சந்தைக்குப் போய்ச் சேம்பு இலையும் சீமைப்பலாவும் வாங்கி வந்தாள். சந்தையில் மெர்லைப் பார்த்தார்களாம். சேம்பு இலையை எப்படிப் பார்த்து வாங்குவது என்று இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டார்களாம். ஆவுடை இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். சேம்பு இலையில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

பிறகு, "பாஸ்போர்ட்டுல முத்திரை அடிச்சானே, அதுப்படி எவ்வளவு நாளு இருக்கலாம்?" என்று கேட்டாள். ஏப்ரல் வரை இருக்கலாம், ஆனால் நம் டிக்கெட் 27-ஆம் தேதிக்கு என்று விளக்கினேன். அவளுக்கு இப்படிப்பட்ட விஷயங்களில் ஆர்வம் வந்தது எனக்கு மகிழ்ச்சி.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று நடந்ததை எழுதும்போதே கை வேகமாக ஓடுகிறது. நிதானப்படுத்திக்கொண்டு வரிசையாக எழுதுகிறேன்.

இன்று இந்த நாட்டின் சுதந்திர தினம். தெருவெல்லாம் சிவப்பும் மஞ்சளும் பச்சையும். எல்லா வீட்டிலும் 'ஆயில் டவுன்' என்று ஒன்றைச் சமைக்கிறார்கள். நம் கூட்டாஞ்சோறு போல ஒரே பானையில் எல்லாம் விழும். அரிசிக்குப் பதில் சீமைப்பலா. அதோடு சேம்பு இலை, வாழைக்காய், மஞ்சள், உப்புக்கண்டம், மேலே தேங்காய்ப்பால். பால் முழுதும் வற்றி அடியில் எண்ணெய் தங்கும்வரை வேக வேண்டும். மெர்ல் கடையில் எங்களுக்காக இறைச்சி இல்லாமல் கருவாடு போட்டுத் தனிப் பானை வைத்திருந்தார்கள். அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

மெர்ல் நான்கு தட்டுகளையும் தாமே கொண்டுவந்து வைத்தார். நான் சாப்பிட ஆரம்பித்தேன். செண்பகாவும் முகுந்தனும் ஆரம்பித்தார்கள். ஆவுடை மடியில் கையை வைத்துக்கொண்டாள்.

மெர்ல் நகரவில்லை.

"இவள் ஏன் சாப்பிடவில்லை?"

முகுந்தன், "அது எங்க ஊர்ப் பழக்கம், மிஸ் மெர்ல். அவர் முடிச்சப்புறம் இவங்க சாப்பிடுவாங்க" என்றார்.

"பழக்கமா? யாருடையது? இவளுடையதா, இவருடையதா?"

இந்தக் கேள்வியை என்னிடம்தான் கேட்டார். என் வாயில் சீமைப்பலா இருந்தது. பதில் சொல்ல முடியாததற்கு அதுவே காரணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண்மணி குனிந்து, என் தட்டை, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை, எடுத்துக்கொண்டார். "கவலைப்படாதீர்கள், புரொஃபசர். அடுப்புப் பக்கத்தில் சூடாக இருக்கும். இவள் முடித்ததும் வரும்."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் மேஜையைத் தட்டி, "அப்படித்தான், மெர்ல்" என்றார். முகுந்தன் தன் தட்டைப் பார்த்தார். செண்பகா கடலைப் பார்த்தாள். எழுபத்தொரு வயது மனிதனின் தட்டை ஒருத்தி எடுத்துப் போகிறாள், பெற்ற மகள் அலை பார்க்கிறாள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். உட்கார்ந்திருந்தேன்.

ஆவுடை ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அதை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள் போலும்.

முதலில் தட்டை முகத்தருகே தூக்கி மோந்து பார்த்தாள். முள்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையை வைத்தாள். சீமைப்பலாவைப் பிட்டு, எண்ணெயில் ஒற்றி, வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். இடது பக்கமாகத்தான் மெல்லுகிறாள். வலது பக்கம் பல் இல்லையோ என்னவோ. அவசரமே இல்லை. கருவாட்டுத் துண்டைக் கடைசிக்கு என்று தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தாள். நடுவில் செண்பகா ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள், வாய் நிறையச் சீமைப்பலாவை வைத்துக்கொண்டு. முடித்துவிட்டுத் தட்டை மெர்ல் பக்கம் நீட்டினாள். மறுபடி நிறைந்து வந்தது. அதையும் சாப்பிட்டாள். விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினாள்.

இவ்வளவு மெதுவாகச் சாப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது. ஊரில் நான் கை கழுவி வந்து பேப்பரை விரிப்பதற்குள் அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுவிடும்.

என் தட்டு சூடாகத்தான் திரும்பி வந்தது. நான் தொடவில்லை.

குறிப்பு 5-ஐ இது பாதிக்காது. திருவிழாச் சாப்பாடு விதிவிலக்கு.

பிப்ரவரி 8, சனி

யாரோடும் பேசவில்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இந்த நாலு நாளில் இரண்டு தடவை மெர்ல் கடை. வேறு கடையே இல்லையா இந்தத் தீவில் என்று முகுந்தனிடம் கேட்டேன். "அத்தைக்கு அங்கதான் பிடிக்குது, மாமா" என்றார். ஆவுடைக்குப் பிடிக்கிறது என்று இவருக்கு யார் சொன்னது? என்னிடம் அவள் எதுவுமே சொன்னதில்லை.

இப்போதெல்லாம் அவள் எனக்காகக் காத்திருப்பதில்லை. எனக்கு முன்னால் ஆரம்பித்து எனக்குப் பின்னால் முடிக்கிறாள். நான் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

செண்பகா தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் ரவிக்கைகளாம், இறுக்கிப் பிடிக்கிறதாம். "அம்மாவுக்கு முகம் தெளிஞ்சிருக்கு, பாத்தீங்களாப்பா?"

"உப்பு கூடியிருக்கும். அதில் முகம் ஊதும்" என்றேன்.

செண்பகா ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிப்பா" என்றாள். அவள் சரி என்று சொல்லும் விதம் அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தது. எனக்கு அது பிடிப்பதில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மேற்குக் கரையில் குவாவ் என்று ஒரு மீனவ ஊர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே தெருவிலேயே அடுப்புப் போட்டு மீன் சுட்டு விற்பார்களாம். மெர்ல் தன் வண்டியில் ஆவுடையையும் செண்பகாவையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. என்னையும் அழைத்தார்கள். எனக்கு முதுகு வலிக்கிறது என்றேன். முதுகு அவ்வளவாக வலிக்கவில்லை. நான் போகாவிட்டால் ஆவுடையும் நின்றுவிடுவாள் என்று எண்ணினேன்.

அவள், "தைலம் அலமாரியில இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். முன் ஸீட்டில்.

முகுந்தன் எனக்குத் துணையாக இருந்துகொண்டு உப்புமா கிண்டினார். கட்டி தட்டியது.

"மாமா, அத்தை உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"எதைப் பற்றி?"

"இல்ல, பொதுவா."

மறுபடி கிண்ட ஆரம்பித்தார். மருமகனுக்குப் பேச்சை எடுக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது.

அவர்கள் திரும்பியபோது மூன்று பேர்மீதும் புகை வாசம். ஆவுடையின் முந்தானையில் எண்ணெய்க் கறை. "ஒரு முழு மீனு, தனியா தின்னேன். முள்ளு மட்டும்தான் மிச்சம். ரோட்டுல பெஞ்சைப் போட்டு உக்காந்து, கூட ஒருத்தன் பாட்டுப் பாடுதான்" என்றாள்.

"எனக்கு எதுவும் கொண்டு வரவில்லையா?"

"நீங்க கேக்கலியே."

கோபத்தில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டேன். வலிக்காத முதுகு எரிந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

குறிப்பு 5-ஐ முறைப்படி உறுதிசெய்து விடலாம் என்று உட்கார்ந்தேன். ஆவுடைக்குப் பிடித்த பதார்த்தங்கள் என்று தலைப்பு எழுதினேன்.

சொதி என்று எழுதினேன். அது எனக்குப் பிடித்தது. அடித்தேன். சீலா மீன் வறுவல். அதுவும் நான்தான். எள்ளுத் துவையல் என்று எழுதி வெகுநேரம் யோசித்தேன். அவள் அடிக்கடி அரைப்பாள், ஆனால் அவள் அதைத் தின்று நான் பார்த்ததாக ஞாபகம் வரவில்லை. பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

இதில் என் தவறு என்ன இருக்கிறது? வாயைத் திறந்து சொல்கிறவர்களைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒரு கரைசலில் என்ன இருக்கிறது என்று அறிய வேண்டுமானால் அது ஏதாவது நிறமாவது காட்ட வேண்டும். இத்தனை வருடம் ஒருத்தி நிறமே காட்டாமல் இருந்துவிட்டு, கண்காணாத தீவில் வந்து விரலைச் சப்பினால், அது என்னை ஏமாற்றிய மாதிரிதான்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதிகமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அடிக்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். சொன்னவிதம் நான் திட்டமிட்டபடி இல்லை.

மெர்ல் கடையில்தான். மீன் வந்து, எல்லோரும் பாதி சாப்பிட்டபோது இந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "செண்பகா, சில குறிப்புகள். நான் முடிக்கும்வரை குறுக்கிடாதே" என்று முதல் பக்கத்தை வாசித்தேன். முதல் நான்கையும் யாரும் மறுக்கவில்லை. நாலாவதுக்கு முகுந்தன், "ஸாரி மாமா" என்றுகூடச் சொன்னார். எனக்குத் தெம்பு வந்தது. ஐந்தாவதை நன்றாக நிறுத்தி வாசித்தேன்.

ஆவுடை மீன் முள்ளைத் தட்டில் வைத்தாள். "அதை இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன்.

"நான் அளவாச் சாப்பிடுதவளா?"

"ஆமா. நாப்பத்தி மூணு வருசமா பாக்கேன்."

"எங்க பாத்தீங்க?"

நான் நோட்டைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. எங்க உக்காந்து பாத்தீங்க? நீங்க சாப்பிட்டு எந்திரிச்சு பேப்பரு படிக்கப் போயிருவீங்க. அதுக்கப்புறம் நான் திங்கேனா, சட்டியைச் சுரண்டுதேனா, எதைக் கண்டீங்க? பாதியில 'இன்னும் இருக்கா'ன்னு கேப்பீங்க. இருக்குன்னுதான் சொல்லுவேன். நல்லாருக்கு போலயேன்னு எனக்கும் சந்தோசமாத்தான் இருக்கும். ஆனா என்னைக்காவது எந்திரிச்சு வந்து சட்டியை எட்டிப் பாத்தீங்களா?"

"அம்மா" என்றாள் செண்பகா.

"ஏளா, நீ சும்மா இரு. அவுக பாயிண்டு பாயிண்டா எழுதிட்டு வந்திருக்காக. பதில் சொல்லாண்டாமா?"

அப்போதுதான் அது நடந்தது. நான் கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. "வாயைத் திறந்து சொன்னாத்தானளா தெரியும். எனக்கு வேணும்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கியா? நான் என்ன ஜோசியக்காரனா?" கை பட்டுத் தம்ளர் விழுந்து உடைந்தது. வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மெர்ல் துடைப்பத்தோடு வந்தவர், துடைப்பத்தை விட்டுவிட்டு ஆவுடையின் தோளில் கை வைத்தார். "எல்லாம் சரிதானா, மிஸ் ஆவுடா?"

"ஆல் ரைட், ஆல் ரைட்" என்றாள் ஆவுடை. பிறகு என்னிடம், "ஆறாவது என்ன?" என்றாள்.

நான் வாசிக்கவில்லை. அவளே நோட்டைத் தன் பக்கம் திருப்பி வாசித்தாள்.

"இருவரும்னு எழுதியிருக்கீங்க. ஒருவர்னு திருத்திக்கிடுங்க. நான் இருபத்தேழாம் தேதி வரலை."

"என்ன பேசுத?"

"ஏப்ரல் வரைக்கும் இருக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க."

"எதுக்கு இருக்கணும்?"

"இன்னும் கொஞ்ச நாளு உக்காந்து சாப்பிடணும்போல இருக்கு."

"அங்கன உக்காந்து சாப்பிட வேண்டாம்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை" என்றாள். மறுபடி மீனை எடுத்துக்கொண்டாள். அந்த நிலையிலும் அவள் மீனை மிச்சம் வைக்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

ஆவுடையின் டிக்கெட்டைப் பத்தாம் தேதியே மாற்றிவிட்டார்களாம். ரவிக்கை பிரித்த அதே நாள். முகுந்தனுக்குத் தெரியும். மெர்லுக்குத் தெரியும். சந்தையில் சேம்பு இலை விற்கிறவளுக்கும் தெரிந்திருக்கலாம்.

செண்பகாவிடம், "என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"அம்மாதான் சொல்லணும்னு இருந்தோம்ப்பா. அம்மாவோ, நீங்களா கேப்பீங்கன்னு இருந்தா."

"நான் எப்படிக் கேட்பேன்? எனக்கு என்ன தெரியும்?"

"அதைத்தாம்ப்பா அம்மாவும் சொன்னா."

இதற்கு மேல் இந்த வீட்டில் என்ன பேசுவது? என் பெட்டியை நானே அடுக்கினேன். இரண்டு முறை. முதல் முறை செருப்பு மேலே வந்துவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

அவர்கள் மெர்ல் கடைக்குப் போனார்கள். நான் போகவில்லை. ரொட்டி.

பிப்ரவரி 26, புதன்

இன்று சாயங்காலம் ஆவுடை அடுப்படியில் நின்றாள். செண்பகா தடுத்ததற்கு, "இது நானா நிக்கேன், நீ போ" என்றாள். நாளை வழியெல்லாம் நான் கண்டதையும் தின்ன வேண்டுமாம். இங்கே கிடைக்கும் சின்ன மீனைப் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். நம் சாளை மாதிரி மீன். வீடெல்லாம் மணந்தது. மற்ற இருவரும் கல்லூரிக்கு ஏதோ வேலையாகப் போய்விட்டார்கள். வேலை இருந்ததா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஒரு தட்டுதான் வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டேன். பிறகு, "நீயும் உக்காரு" என்றேன். சாதாரணமாகச் சொல்ல நினைத்தது, வகுப்பில் பையனை உட்காரச் சொல்கிற மாதிரி வந்துவிட்டது.

"நீங்க சாப்பிடுங்க. பசிக்கும்போது நான் உக்காருதேன்."

சாப்பிட்டேன். குழம்பு எப்போதும்போல இருந்தது. எப்போதும் நன்றாக இருந்திருக்கிறது. சோறு முடியும் நேரத்தில், வேண்டுமென்றல்ல, பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"இன்னும் இருக்கா?"

"இல்லை" என்றாள்.

இந்தச் சொல்லை இந்தக் கேள்விக்கு அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. நாளைக்கு ஏறிப் போகிறவனுக்கு ஒரு கரண்டி குழம்பு இல்லையா என்று நெஞ்சு கொதித்தது. தயிர் ஊற்றிச் சாப்பிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அடுப்பின்மேல் சட்டி மூடியிருந்தது. மூடியைத் தூக்கினேன்.

மீன் இருந்தது. நல்ல மீன்கள், தலையோ வாலோ அல்ல. குழம்பும் ஒரு ஆளுக்குக் காணும்படி இருந்தது.

"இருக்கே" என்றேன்.

"அது எனக்கு."

பின்னால்தான் நின்றிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. சட்டி யாருடையது என்று தெரியாதவனுக்குத் தகவல் சொல்வது போலச் சொன்னாள். நான் மூடியை வைத்தேன். சரியாகப் பொருந்தவில்லை. அவள் கை நீட்டித் திருப்பி வைத்தாள்.

சற்று நேரம் கழித்து அவளே சோறு போட்டுக்கொண்டு மேஜைக்கு வந்தாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பேப்பர் பக்கத்தில்தான் கிடந்தது. அவள் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. மீன்களில் பெரியதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிட்டாள். எனக்குத் தருவதற்காக வைக்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். கடைசியில் அதையும் அவளே சாப்பிட்டாள்.

"வலது பக்கம் பல் வலிக்கா?" என்று கேட்டேன்.

"அது விழுந்து ஆறு வருசம் ஆச்சு" என்றாள்.

பிப்ரவரி 27, வியாழன்

விமான நிலையம். லண்டன் வழியாகப் போகிறேன். கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது.

செண்பகா, முகுந்தனோடு மெர்லும் வழியனுப்ப வந்திருந்தார். எனக்குக் கைகொடுத்தார். கொடுக்காமல் இருந்திருக்கலாம், அந்தத் தட்டை நான் மறக்கப் போவதில்லை. ஆவுடை கண்ணாடிக் கதவுவரை வந்தாள். மாத்திரை டப்பா கைப்பையில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "ஏப்ரல்ல வருவியா?" என்று கேட்டேன். "பாப்போம்" என்றாள். பிறகு நாலு பேரும் வண்டிக்குப் போனார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

குறிப்புகளைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தேன். ஒன்று முதல் நான்குவரை மாற்றமில்லை. யார் கேட்டாலும் ஆதாரத்தோடு சொல்வேன். ஆறாவது நடக்கவில்லை. நடக்காமல் போனதால் ஒரு யோசனை தவறாகிவிடாது.

ஐந்தாவது தவறு. ஆவுடை நன்றாகச் சாப்பிடுகிறவள்.